டிக் விழுகிறது, கணக்கில் ஏறவில்லை: டிகின்டர் செக்பாக்ஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்பவர்கள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்கள், மணலி பக்கம் லாரி புக்கிங் நடத்துபவர்கள் எனப் பலருக்கும் இப்போது கணக்கு நிரல் எழுதித் தருவது அந்தந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பைதான் நிரல்மொழி, திரையும் பொத்தான்களும் வரைய அதனுடன் சேர்ந்தே வரும் டிகின்டர், கடை மூலையில் ஒரு பழைய கணினி. இவ்வளவு இருந்தாலே கடையின் நோட்டுப் புத்தகத்தைத் திரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தத் திரையில் அதிகம் கைபடுகிற உறுப்பு செக்பாக்ஸ். கோளாறைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவைப்பதும் அதுதான். மற்ற உறுப்புகளில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி வந்துவிடும். செக்பாக்ஸில் டிக் அழகாக விழும். உள்ளே ஒன்றும் பதிந்திருக்காது.

உதாரணத்துக்கு ஒரே திரையை வைத்துக்கொள்வோம். விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன், வரிக்கு ஒன்றாக: வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கிழங்கான், நெத்திலி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று செக்பாக்ஸ்கள்: ‘ஐஸ் போட்டது’, ‘வண்டி ஏறியது’, ‘பணம் வந்தது’. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதை மூன்றாவது டிக்தான் முடிவு செய்கிறது. அதனால் இதில் வரும் பிழை, கடைக்காரருக்குக் கைநஷ்டம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மாறியைப் பாருங்கள்

திரையில் தெரியும் பெட்டி வேறு, அதன் பின்னால் மதிப்பை வைத்திருக்கும் மாறி வேறு. ‘வேரியபிள்’ என்ற விருப்பத்தின் வழியாகத்தான் இரண்டும் கட்டப்படுகின்றன. டிக் போட்டால் அந்த மாறிக்குள் ‘ஆன்வேல்யூ’ போய் உட்காரும், எடுத்தால் ‘ஆஃப்வேல்யூ’. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அவை 1, 0. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டு அவிழ்ந்துபோனதாலோ, தவறான இடத்தில் கட்டியதாலோ வருபவை.

ஆகவே நிறத்தையும் எழுத்துருவையும் தொடுவதற்கு முன், திரையின் ஓரத்தில் ‘நிலை காட்டு’ என்று ஒரு தற்காலிகப் பொத்தானை வையுங்கள். அதை அழுத்தினால் ஒவ்வொரு மாறியின் பெயரும் மதிப்பும் அச்சாகட்டும். டிக் போடுங்கள், அழுத்துங்கள். டிக் எடுங்கள், மறுபடியும் அழுத்துங்கள். மதிப்பு சரியாக மாறினால் கோளாறு அந்த மதிப்பைப் பயன்படுத்தும் இடத்தில் இருக்கிறது. மாறாவிட்டால் கட்டிய இடத்தில் இருக்கிறது. அந்தப் பொத்தானின் செயற்கூற்றிலிருந்து (ஃபங்ஷன்) மாறியை எட்டவே முடியவில்லை என்றால், விடை அப்போதே கையில் கிடைத்துவிட்டது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: திறந்ததும் பெட்டியில் டிக்கும் இல்லை, காலியாகவும் இல்லை, கோடோ கறுப்புச் சதுரமோ தெரிகிறது

டிடிகே செக்பட்டனில் இது மிகவும் பொதுவானது. டிகின்டரில் செக்பாக்ஸ் இரண்டு வகை: டிகின்டருக்கு அடியில் திரையை வரையும் டிகே கருவித்தொகுதியின் ஆதி காலத்து செக்பட்டன் ஒன்று, 2007 டிசம்பரில் வந்த டிகே 8.5 பதிப்புடன் சேர்ந்த டிடிகே செக்பட்டன் மற்றொன்று. இரண்டாவது வகைக்கு மாறி கொடுக்கப்படாவிட்டால், அல்லது கொடுத்த மாறி உயிரோடு இல்லாவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்ற மூன்றாம் நிலையில் அது நிற்கும். அந்த நிலைக்குப் பெயர் ‘ஆல்டர்னேட்’. கோடும் சதுரமும் அதன் அடையாளங்கள்.

மாறியே கொடுக்கவில்லை என்றால் உண்மை, பொய் என்ற இரண்டு மதிப்பை மட்டும் வைக்கும் மாறியான பூலியன்வார் ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

மாறி கொடுத்தும் இப்படித் தெரிகிறது என்றால், அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். திரையைக் கட்டும் செயற்கூற்றுக்குள் ‘ஐஸ்_நிலை’ என்று ஒரு பூலியன்வாரை உருவாக்குகிறீர்கள், செக்பாக்ஸுடன் கட்டுகிறீர்கள், தொடக்க மதிப்பாக உண்மை என்றும் வைக்கிறீர்கள். செயற்கூறு முடிகிறது. ‘ஐஸ்_நிலை’ என்ற பெயர் அந்தச் செயற்கூற்றுக்குள் மட்டுமே வாழ்ந்ததால் பைதான் அதைத் துடைத்துவிடுகிறது. பூலியன்வார் அழியும்போது, டிகே பக்கத்தில் தான் வைத்திருந்த மாறியையும் சேர்த்தே அழித்துவிட்டுப் போகிறது. பெட்டி மட்டும் திரையில் நிற்கிறது.

இதே தவறு பழைய டிகே வகையில் இன்னும் மோசமாக ஒளிந்துகொள்ளும். அங்கே கோடு எதுவும் வராது. டிக்குடன் திறக்க வேண்டிய பெட்டி காலியாகத் திறக்கும், அவ்வளவுதான். அழுத்தினால் டிக் விழும், எடுத்தால் போகும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் அந்த டிக்கைப் பைதானிலிருந்து படிக்க உங்களிடம் எதுவும் இல்லை.

தீர்வு, மாறிக்கு நீண்ட ஆயுள் கொடுப்பது. இனக்குழுவாக (கிளாஸ்) எழுதியிருந்தால் ‘செல்ஃப்’ உடன் சேர்த்துவையுங்கள். ஐந்து மீனுக்கு மூன்று வீதம் பல மாறிகள் இருந்தால், மீன் பெயரைத் திறவுகோலாக வைத்து ஓர் அகராதியில் போடுங்கள். அந்த அகராதி சாளரம் இருக்கும்வரை இருக்க வேண்டும். செக்பாக்ஸையே சேமித்துவைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. செக்பாக்ஸ் தன் மாறியின் பெயரை மட்டுமே டிகேவிடம் சொல்லிவைக்கிறது. பைதான் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. இது பழைய டிகே வகைக்கு மட்டும் உரியது. எழுத்துகளை வைக்கும் மாறியான ஸ்ட்ரிங்வாரைப் பயன்படுத்தி, டிக் இருந்தால் ‘வந்தது’, இல்லாவிட்டால் ‘வரவில்லை’ என்று மதிப்பு வைத்திருப்பீர்கள். தொடக்க மதிப்பு கொடுத்திருக்க மாட்டீர்கள். தொடக்கத்தில் ஸ்ட்ரிங்வாருக்குள் இருப்பது வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத ஸ்ட்ரிங்). டிகேவுக்கு வெற்றுச் சரம் என்றால் இரண்டுங்கெட்டான் நிலை. ஆகவே எல்லாப் பெட்டியும் பாதி நிரம்பியது போலத் தெரியும். உருவாக்கும்போதே ‘வரவில்லை’ என்று வைத்துவிட்டால் சரியாகும். டிக்குக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைதான் என்றால் பூலியன்வாரே மேல் என்பது என் கருத்து. சொற்களை அறிக்கை அச்சிடும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒன்றில் டிக் போட்டால் இன்னொன்றிலும் விழுகிறது

இரண்டு பெட்டிகள் ஒரே மாறியைப் பகிர்ந்துகொண்டால்தான் இப்படி நடக்கும். தெரிந்தே யாரும் பகிர மாட்டார்கள். தெரியாமல் பகிர இரண்டு வழிகள் உண்டு.

பட்டியலைப் பெருக்கி உருவாக்குவது முதல் வழி. நாற்பது சேலை வகைக்கு நாற்பது மாறி வேண்டும் என்று, ஒரு பூலியன்வாரை அடைப்புக்குள் போட்டு நாற்பதால் பெருக்கிவிடுவார்கள். பைதான் நாற்பது மாறிகளை உருவாக்குவதில்லை. ஒரே மாறியை நாற்பது முறை சுட்டிக்காட்டும் பட்டியலைத் தருகிறது. ஒரு பெட்டியில் டிக் போட்டால் கடை முழுக்க டிக் விழும். மடக்கு (லூப்) வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குங்கள்.

இரண்டாவது வழியில் உங்கள் தவறு குறைவு. பழைய டிகே செக்பட்டனுக்கு மாறி கொடுக்காவிட்டால், அது தன் பெயரின் கடைசிப் பகுதியையே மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் (ஃபிரேம்) முதல் செக்பட்டனுக்குப் பைதான் தானாகச் சூட்டும் பெயர் ஒன்றேதான். வஞ்சிரத்துக்கு ஒரு சட்டம், சங்கராவுக்கு ஒரு சட்டம் என்று பிரித்து வைத்திருந்தால் இரண்டிலும் உள்ள முதல் பெட்டி ஒரே மாறியில் மாட்டிக்கொள்ளும். புதிய பைதான் பதிப்புகளில் இது திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் நம் கடைகளில் சில கணினிகள் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகின்றன. அதில் நிறுவக்கூடிய கடைசிப் பைதான் 3.8. அங்கே இந்தக் கோளாறு உயிரோடுதான் இருக்கும். உங்கள் வீட்டு மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் கடையில் போய்க் குழப்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் தனி மாறி கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பிலும் பயமில்லை.

அறிகுறி: எந்த வரியில் டிக் போட்டாலும் கடைசி வரியின் கணக்குதான் மாறுகிறது

வஞ்சிரத்துக்கு ‘பணம் வந்தது’ போடுகிறீர்கள். நெத்திலிக்காரரின் பாக்கி கழிகிறது. சங்கராவுக்குப் போடுகிறீர்கள். அப்போதும் நெத்திலிதான். ‘நிலை காட்டு’ பொத்தானை அழுத்தினால் மாறிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியானால் பழுது, அழுத்தும்போது ஓட வேண்டிய செயற்கூற்றைச் சொல்லும் ‘கமாண்ட்’ விருப்பத்தில்.

மடக்குக்குள் செக்பாக்ஸ்களை உருவாக்கும்போது, கமாண்டுக்கு ஒரு லாம்டா (பெயரில்லாச் சிறு செயற்கூறு) எழுதி, அதற்குள் ‘மீன்’ என்ற பெயரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். லாம்டா உருவாகும்போது ‘மீன்’ என்பதன் மதிப்பு உள்ளே பதிவதில்லை. பெயர் மட்டுமே பதிகிறது. அது என்ன மீன் என்று லாம்டா தேடிப் பார்ப்பது வாடிக்கையாளர் அழுத்தும்போதுதான். அதற்குள் மடக்கு முடிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். ‘மீன்’ என்ற பெயர் கடைசியாகத் தொட்ட நெத்திலியிலேயே நிற்கும். ஆகவே ஐந்து லாம்டாவும் நெத்திலியையே சொல்லும்.

லாம்டாவின் அளபுருவாக (பாராமீட்டர்) ‘மீன் = மீன்’ என்று எழுதுங்கள். முன்னியல்பு (டிஃபால்ட்) மதிப்பு லாம்டா பிறக்கும் நொடியிலேயே கணக்கிடப்படுவதால், ஒவ்வொன்றும் தன் மீனைத் தன்னுடனே வைத்துக்கொள்ளும். பைதானின் ஃபங்க்டூல்ஸ் தொகுதியில் உள்ள ‘பார்ஷியல்’ இதே வேலையை இன்னும் தெளிவாகச் செய்கிறது. ஆறு மாதம் கழித்து உங்கள் நிரலை இன்னொருவர் படிக்கும்போது ‘மீன் = மீன்’ என்பதைத் தேவையில்லாதது என்று நினைத்து நீக்கிவிடக்கூடும். பார்ஷியலை அப்படி நீக்க மாட்டார்கள். நான் பார்ஷியலைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அறிகுறி: டிக் போடும் முன்பே, திரை திறக்கும்போதே செயற்கூறு ஓடிவிடுகிறது, பிறகு டிக் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை

கமாண்டுக்குக் கொடுத்த பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பெயரை மட்டும் கொடுத்தால், டிகே தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளும்.

அறிகுறி: ‘எல்லாம் வண்டி ஏறியது’ என்ற பெட்டியை அழுத்தினால் எல்லா வரியிலும் டிக் விழுகிறது, மொத்தம் மட்டும் மாறவில்லை

மாறியின் மதிப்பை நிரலே மாற்றினால் கமாண்ட் ஓடாது. மனிதக் கை சுட்டியையோ விசைப்பலகையையோ தொட்டு மாற்றினால்தான் ஓடும். பழைய வகையில் உள்ள ‘செலெக்ட்’, ‘டிசெலெக்ட்’, ‘டாகிள்’ என்பவையும் அப்படியே: டிக்கை மாற்றும், கமாண்டை எழுப்பாது. டிடிகே வகையில் அந்த மூன்றும் கிடையாது. அழைத்தால் பிழை வரும்.

‘இன்வோக்’ என்ற ஒன்று இருக்கிறது, அது கமாண்டையும் எழுப்பும் என்று படித்துவிட்டு எல்லா வரியிலும் அதைப் போடுபவர்களைப் பார்க்கிறேன். கவனம் தேவை. இன்வோக் என்பது கையால் ஒருமுறை அழுத்துவதற்குச் சமம். ஏற்கெனவே டிக் இருந்த வரியில் டிக்கை எடுத்துவிடும். ஏற்றிய மீன் ஏறாத மீனாகிவிடும்.

சரியான வழி, மொத்தத்தைக் கணக்கிடும் செயற்கூற்றை ஒவ்வொரு மாறியுடனும் ‘ட்ரேஸ்_ஆட்’ மூலம் ‘ரைட்’ நிகழ்வுக்குக் கட்டிவிடுவது. கை மாற்றினாலும் நிரல் மாற்றினாலும் அது எழும். அழைக்கப்படும் செயற்கூற்றுக்கு மூன்று செயலுருபுகள் (ஆர்கியூமெண்ட்) வந்துசேரும். அவற்றை வாங்கிக்கொள்ள இடம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை. பழைய மதிப்பையே மறுபடி எழுதினாலும் ட்ரேஸ் எழும் என்பதால், அந்தச் செயற்கூறு ‘ஒன்றைக் கூட்டு’ என்று எழுதப்பட்டிருக்கக் கூடாது. எல்லா மாறிகளையும் புதிதாகப் படித்து, தொடக்கத்திலிருந்து கூட்ட வேண்டும். ஐம்பது வரியைக் கூட்டக் கணினிக்கு நேரமே ஆகாது.

‘எல்லாம்’ பெட்டி நேர்மையாக நடந்துகொள்ளவும் ஒரு வேலை இருக்கிறது. ஐந்தில் இரண்டு ஏறியிருக்கும்போது அது காலியாக இருந்தால் பொய். டிக்குடன் இருந்தால் பெரிய பொய். முன்பு கோளாறாக வந்த அந்த ‘ஆல்டர்னேட்’ நிலை இங்கேதான் உண்மையான பயனுக்கு வருகிறது. வரிப் பெட்டிகளில் சில மட்டும் டிக் என்றால் மேல் பெட்டியை அந்த நிலையில் வையுங்கள். எல்லாமோ ஒன்றுமில்லையோ என்று ஆனதும் அந்த நிலையை நீக்கி மாறிக்கு மதிப்பு கொடுங்கள்.

அறிகுறி: இரவில் பெட்டி நிரம்பியும் காலியாகவும் ஒன்றுபோலத் தெரிகிறது

விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளைத் திரை கண்ணைக் குத்துகிறது என்று கறுப்புப் பின்னணி கேட்பார்கள். நியாயமான கோரிக்கை. பழைய டிகே செக்பட்டனில் பின்னணியைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் மாற்றியதும் டிக் காணாமல் போகும். டிக் குறி எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்கிறது. பெட்டியின் உட்புறமோ வெள்ளையாகவே இருக்கிறது. வெள்ளைக்குள் வெள்ளை. ‘செலெக்ட்கலர்’ என்ற விருப்பம் பெட்டியின் உட்புற நிறத்துக்கானது. அதற்கு அடர்ந்த சாம்பல் கொடுங்கள். பெயரைப் பார்த்து, டிக்கின் நிறம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டிடிகே வகையில் நேரடியாக நிறம் கொடுத்தால் அப்படி ஒரு விருப்பமே இல்லை என்று பிழை வரும். அங்கே ‘டிசெக்பட்டன்’ என்ற பாணியைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்துவிட்டது, தடைக்காலம் முடிந்தும் திறக்கவில்லை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. எனவே அந்த நாட்களில் ‘விசைப்படகு மீன்’ என்ற செக்பாக்ஸை முடக்கிவைப்பது நல்ல யோசனைதான். கைதவறி டிக் விழாது. சிக்கல் ஜூன் 15 காலையில் வருகிறது.

முதலில், முடக்கும் சோதனை எப்போது ஓடுகிறது என்று பாருங்கள். நிரல் தொடங்கும்போது மட்டும் ஓடினால், கணினியை அணைக்காமலே வைத்திருக்கும் கடையில் அது தடைக்காலத்திலேயே நின்றுவிடும். குறித்த நேரம் கழித்துச் செயற்கூற்றை அழைக்கும் ‘ஆஃப்டர்’ மூலம் அவ்வப்போது ஓடச் செய்யுங்கள். திறப்பதற்கு, பழைய வகையில் நிலையை ‘நார்மல்’ என்று மாற்ற வேண்டும். டிடிகே வகையில் ‘டிசேபிள்ட்’ என்பதன் முன்னால் ஆச்சரியக்குறி வைத்து நிலைப் பட்டியலில் கொடுக்க வேண்டும்.

அடுத்து, தேதியை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ‘15-04’, ‘14-06’ என்று சரங்களாக வைத்து ஒப்பிட்டால் பைதான் அவற்றை எண்ணாகப் பார்க்காது, எழுத்தெழுத்தாகப் பார்க்கும். மே மாதம் 9-ஆம் தேதி ‘09-05’ ஆகிறது. சுழியத்தில் தொடங்குவதால் ‘15-04’-ஐவிடச் சிறியது. நட்டநடுத் தடைக்காலத்தில் பெட்டி திறந்துகொள்ளும். டேட்டைம் தொகுதியின் ‘டேட்’ பொருளாக மாற்றி ஒப்பிடுங்கள். இரண்டு முனை நாட்களும் தடைக்குள் அடக்கம் என்பதால் ஒப்பீட்டில் ‘சமம்’ சேர வேண்டும்.

இன்னொன்று: முடங்கிய பெட்டியில் இன்வோக் கூட வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது.

அறிகுறி: இரவு சேமித்தோம், காலையில் திறந்தால் எல்லாப் பெட்டியிலும் டிக்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ‘பணம் வந்தது’ வரிசை முழுவதும் டிக்குடன் திறந்தால், பாக்கிப் பட்டியல் காலியாகிவிடும். ஒரு மீன் வியாபாரி அம்மா என்னிடம் சொன்னார்: “தம்பி, நோட்டில் நான் எழுதியது அழிந்தால் கறையாவது மிஞ்சும். இதில் அதுகூடத் தெரியவில்லையே.” அவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் பாக்கியை மனப்பாடமாக வைத்திருந்ததால் தப்பினார். எல்லாரும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

சாதாரண உரைக் கோப்பிலிருந்து படிக்கும் எதுவும் சரமாகத்தான் வரும். சிஎஸ்வி கோப்பில் பொய் என்பதைப் பைதான் ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லாக எழுதியிருக்கும். காலையில் அந்தச் சொல்லைப் படித்து ‘பூல்’ என்ற செயற்கூற்றில் போட்டால் உண்மை என்று விடை வரும். ஏனென்றால் பைதானைப் பொறுத்தவரை வெற்றாக இல்லாத சரம் எதுவும் உண்மைதான். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. சரமாக வந்த சுழியமும் அப்படியே உண்மையாகிவிடும்.

சிஎஸ்வி என்றால் 1, 0 என்று எழுதி, படிக்கும்போது ‘இன்ட்’ மூலம் எண்ணாக்கி, அதன் பிறகு மாறிக்குக் கொடுங்கள். அமைப்புக் கோப்புக்குக் கான்ஃபிக்பார்சர் பயன்படுத்தினால் அதிலேயே ‘கெட்பூலியன்’ இருக்கிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பூலியன் என்று தனி வகை இல்லை. 1, 0 என்ற முழு எண்களாகவே சேமிக்கப்படும், எண்ணாகவே திரும்பி வரும். கடைக்கு எழுதும் நிரல் என்றால் எஸ்க்யூலைட்டையே பரிந்துரைப்பேன். மின்சாரம் பாதியில் போனாலும் பாதி எழுதிய பதிவை அது அப்படியே விட்டுவைக்காது.

திருத்திய பிறகு ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். சில பெட்டியில் டிக் போட்டு, சிலவற்றை வெறுமையாக விட்டுச் சேமித்து, நிரலை மூடித் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் டிக் போட்டுச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

அறிகுறி: செக்பாக்ஸில் தமிழ் உடைந்து தெரிகிறது

‘கொடுவா’ என்று எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துகள் சிதறித் தெரிகின்றன என்றால் நீங்கள் லினக்ஸில் இருக்கிறீர்கள். டிகே 8.6 லினக்ஸில் தமிழ் எழுத்துகளைக் கோத்து வரைவதில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. சொல்லை, படம் வரையும் பில்லோ தொகுதியில் எழுத்துகளைக் கோக்கும் ராக்கம் வசதியால் படமாக வரைந்து செக்பாக்ஸில் வைக்கலாம். அந்தப் படத்தையும் மாறியைப் போலவே ஓரிடத்தில் பிடித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் மறையும். பெரிய திரை என்றால் டிகின்டருக்குப் பதில் க்யூட்டி என்ற திரைக் கருவித்தொகுதிக்கு மாறிவிடுவதே நிம்மதி. அங்கே எழுத்துக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் தமிழைச் சரியாகக் கோத்துத் தருகிறது.

விண்டோஸில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ, அதற்கு முந்தையவற்றில் லதா என்று எழுத்துருவின் பெயரை நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், அச்சகத்தில் தட்டச்சு செய்த பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

வரி நீண்டு வெட்டுப்பட்டால் பழைய வகையில் ‘ராப்லெங்த்’ இருக்கிறது. டிடிகே செக்பட்டனில் அந்த விருப்பம் கிடையாது, நீங்களே வரியை முறிக்க வேண்டும்.

அறிகுறி: சொல்லை அழுத்தினால் டிக் விழவில்லை, பெட்டியையே குறிபார்த்து அழுத்த வேண்டியிருக்கிறது

அழகுக்காகச் சொல்லைத் தனி லேபிளாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். செக்பாக்ஸின் ‘டெக்ஸ்ட்’ விருப்பத்திலேயே சொல்லைக் கொடுத்தால் சொல் முழுவதும் அழுத்தும் இடமாகிவிடும். ஐஸில் கைவைத்து மரத்துப்போன விரலோடு வருபவர் அந்தச் சிறு சதுரத்தைக் குறிபார்க்க முடியாது. முடிந்தால் சுட்டியே இல்லாமல் வேலை நடக்கட்டும்: டேப் விசையால் பெட்டிக்குப் பெட்டி நகரலாம், இடைவெளி விசையால் டிக் போடலாம். நீங்கள் திரையில் வைத்த வரிசைப்படி அல்ல, நிரலில் உருவாக்கிய வரிசைப்படியே டேப் நகரும். அதனால் வரியின் மூன்று பெட்டிகளையும் அடுத்தடுத்து உருவாக்குங்கள்.

அறிகுறி: செக்பாக்ஸை மாற்றப் போனால் ‘நன்டைப்’ என்று பிழை

உருவாக்கிய அதே வரியில் ‘கிரிட்’ அல்லது ‘பேக்’ சேர்த்து எழுதிவிட்டீர்கள். அவை எதையும் திருப்பித் தருவதில்லை. உருவாக்குவது ஒரு வரி, இடத்தில் வைப்பது அடுத்த வரி.

அறிகுறி: இரண்டாவது சாளரத்தில் டிக் விழுகிறது, மாறி அசையவே இல்லை

‘டிகே’ என்று இரண்டாவது முறை அழைத்துச் சாளரம் திறந்திருக்கிறீர்கள். அது தனி உலகம். முதல் சாளரத்தில் பிறந்த மாறியை அதற்குத் தெரியாது. இரண்டாவதுக்கு ‘டாப்லெவல்’ பயன்படுத்துங்கள்.

அறிகுறி: “கேட்காமலே எனக்கு எஸ்எம்எஸ் வருகிறது” என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்

நிரலில் பிழை இருக்காது. மாறி சரி, சேமிப்பு சரி. தொடக்க மதிப்புதான் தவறு. ஜவுளிக்கடை பில் போடும் திரையில் ‘சலுகைச் செய்தி அனுப்பலாம்’ என்ற பெட்டி டிக்குடனே திறக்கிறது. கூட்டம் நெரியும் ஆடி மாதத்தில் கல்லாவில் இருப்பவர் அதை எடுக்கவே மாட்டார். வாடிக்கையாளரைக் கேட்டிருக்கவும் மாட்டார்.

2023-இல் இயற்றப்பட்ட இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமாக, ஐயமின்றி, தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. முன்கூட்டியே போட்டு வைத்த டிக் வாடிக்கையாளரின் செயல் ஆகாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் இதே கருத்தைத் தீர்ப்பாகவே சொல்லியிருக்கிறது. கடை முதலாளி “டிக்கோடு வை தம்பி, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னாலும் விளக்கிச் சொல்லுங்கள்; கேட்பார்கள்.

அந்த மாறியின் தொடக்க மதிப்பைப் பொய் என்று வையுங்கள். ஒவ்வொரு புதிய பில்லுக்கும் அதைத் திரும்பவும் பொய்யாக்குங்கள்; முந்தைய வாடிக்கையாளரின் டிக் அடுத்தவர் மேல் ஒட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சொற்களையும் நேராக எழுதுங்கள். ‘செய்தி அனுப்ப வேண்டாம்’ என்று எதிர்மறையில் எழுதி அதற்கு டிக் போடச் சொன்னால், கல்லாவில் இருப்பவரும் குழம்புவார், ஆறு மாதம் கழித்து நிரலைத் திறக்கும் நீங்களும் குழம்புவீர்கள். டிக் விழுந்த தேதியையும் நேரத்தையும் எஸ்க்யூலைட்டில் பக்கத்து நெடுவரிசையில் பதிந்துவையுங்கள். டிக் எடுக்கப்பட்டால் அந்தத் தேதியையும் தனியாகப் பதியுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.